அஞ்சடியிலிருந்து அங்காடி நிலையம் வரை: சிங்கப்பூர் தெருக்கடைகளின் நூறு வருடம்

2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அதையொட்டி நான் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியவை. சிக்கன் ரைஸ், லக்சா, நம்மாட்கள் போடும் மீ கோரெங், ரோஜாக், தே தாரேக் என்று நாக்கில் எச்சில் ஊற எழுதியிருந்தார்கள். ஆனால் இதே சாப்பாடு தெருவோரத்தில் விற்ற காலத்தில், அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் பாடு எப்படி இருந்தது? அதைப் பற்றி ஒரு பத்தி எழுதினாலே அதிகம். இந்தப் பதிவு அந்த ஒரு பத்தியைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கும் முயற்சி.

சாப்பாட்டை விட்டுவிட்டு சாக்கடையைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

வராந்தா யாருக்குச் சொந்தம்?

கதை 1822ல் ஆரம்பிக்கிறது. ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத்துக்குத் திட்டம் போட்டபோது ஒரு விதி வைத்தார். ஒவ்வொரு கடைவீட்டுக்கும் முன்னால் கூரையோடு ஒரு நடைவழி விட வேண்டும். அந்த நடைவழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தெரு முழுக்கத் தொடர்ச்சியாகப் போக வேண்டும். வெயிலோ மழையோ, ஜனங்கள் நனையாமல் நடக்கலாம். மலாயில் இதற்குக் 'காக்கி லீமா' என்று பெயர், அதாவது ஐந்தடி. நம் தமிழர்கள் 'அஞ்சடி' என்றார்கள்.

நிலம் கட்டடக்காரருடையது, ஆனால் நடக்கும் உரிமை எல்லாருக்கும். இந்த மாதிரி இரண்டுங்கெட்டான் இடம் எங்கே இருந்தாலும் அங்கே கடை முளைக்கும். கடைக்காரர் தன் சாமானை வெளியே பரப்பினார். மிச்சம் இருந்த இடத்தில் அடுப்போடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். நடக்கிறவர்கள் தெருவில் இறங்கி மாட்டுவண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் நடுவில் நடந்தார்கள்.

1888 பிப்ரவரியில் முனிசிபல் தலைவர் ரோவெல், அஞ்சடிகளை முழுக்கக் காலி செய்தே தீருவது என்று ஆட்களை அனுப்பினார். விளைவு கலவரம். கடைகள் அடைக்கப்பட்டன, கல்வீச்சு நடந்தது, நகரம் சில நாட்கள் ஸ்தம்பித்தது. சரித்திரத்தில் இதற்கு 'வராந்தா கலவரம்' என்றே பெயர். கடைசியில் வந்தது ஒரு சமரசம்தான். ஆள் நடந்துபோக வழி விட்டால் போதும், மீதியைக் கண்டுகொள்ள மாட்டோம்.

இந்த 'கண்டுகொள்ள மாட்டோம்' என்பதை நன்றாகக் கவனிக்க வேண்டும். சட்டப்படி தப்பு, நடைமுறையில் அனுமதி. இந்த நிலையில்தான் அதற்குப் பின் பல பத்தாண்டுகள் ஓடின.

குடியிருப்பவரும் வாடிக்கையாளரும் ஒரே ஆள்

இன்றைக்கு நாம் 'குடியிருப்போர் எதிர் கடைக்காரர்' என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பார்க்கிறோம். பழைய சைனாடவுனில் அப்படிப் பிரிக்கவே முடியாது.

1950களில் பாரிங்டன் கே என்ற ஆய்வாளர் அப்பர் நான்கின் தெரு என்ற ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அங்கிருந்த குடும்பங்களைப் பற்றிக் கணக்கெடுத்தார். ஒரு கடைவீட்டின் மாடியைப் பலகை வைத்துத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி, ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம். பல அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. சமையல்கட்டு பொது. கக்கூஸும் பொது, அதுவும் வாளிக் கக்கூஸ். (மலத்தை வாளியில் எடுக்கும் முறை சிங்கப்பூரில் 1987ல்தான் முழுசாக ஒழிந்தது.) தனியாக வந்து தங்கிய கூலித் தொழிலாளிக்கு அந்தப் பொது அடுப்பில்கூட இடம் கிடைக்காது.

அப்படிப்பட்டவனுக்கு வாசலில் கிடைக்கும் ஒரு கிண்ணம் நூடுல்ஸ்தான் சமையலறை. அவன் குடியிருப்பவன், அவனே வாடிக்கையாளன். வேலை போய்விட்டால் அடுத்த வாரம் அவனே ஒரு காவடித் தடியில் இரண்டு பக்கமும் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வியாபாரியாகிவிடுவான். ஜப்பானியர் ஆட்சி 1945ல் முடிந்த பிறகு வேலையில்லாத் திண்டாட்டம் அதிகமாக இருந்ததால், தெரு வியாபாரிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

நம்மவர்களும் இதில் உண்டு. வாட்டர்லூ தெருப் பக்கம் சரபத் கடைகள் இருந்தன. கச்சாங் பூத்தே என்று கடலை, பட்டாணி வகைகளைக் காகிதக் கூம்பில் போட்டுத் தலையில் சுமந்து விற்றவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள்.

ஆக, தெருக்கடை இல்லாமல் அந்தத் தெரு ஜனங்களால் வாழ முடியாது. அதே கடையால் அவர்கள் படும் கஷ்டமும் பொய் இல்லை.

கஷ்டம் என்ன?

பொதுவாக 'சுகாதாரக் கேடு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் நாலு விஷயம்.

ஒண்ணு, தண்ணீர். தெருவோரத்தில் குழாய் இல்லை. ஒரு வாளித் தண்ணீர், அதிலேயே நாள் முழுக்கக் கிண்ணமும் சாப்ஸ்டிக்கும் முக்கி எடுப்பார்கள். டைபாய்டு, காலரா மாதிரி நோய்களுக்கு இது ராஜபாட்டை. 1963ல்கூட சிங்கப்பூரில் காலரா வந்திருக்கிறது.

இரண்டாவது, கழிவு. மீன் செதில், கோழிக் குடல், எண்ணெய், மிச்சச் சோறு எல்லாம் எதிரே இருக்கும் திறந்த வடிகாலில் போகும். வடிகால் அடைக்கும். வெப்பமண்டல மழை அரை மணி நேரம் அடித்தால் அந்தத் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வரும். எலியும் கரப்பானும் அதற்கு முன்பே வந்திருக்கும்.

மூன்றாவது, வழி. தீயணைப்பு வண்டியோ நோயாளியை ஏற்றும் வண்டியோ உள்ளே வர முடியாது. பலகைத் தடுப்பும் கரி அடுப்பும் சேர்ந்த தெருவில் இது சின்ன விஷயம் இல்லை.

நான்காவது, சத்தமும் புகையும். கீழே இரவு வியாபாரம், மேலே காலை வேலைக்குப் போக வேண்டியவர் தூக்கம்.

இதில் கடைக்காரர் பக்கமும் ஒரு வேதனை உண்டு. லைசன்ஸ் இல்லாதவர் யாரிடமும் புகார் செய்ய முடியாது. ரகசியச் சங்கத்து ரவுடிகள் வந்து 'பாதுகாப்புப் பணம்' கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்தால் ஓட வேண்டும். சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்கு ஹொக்கியன் மொழியில் 'தே கூ' என்று பட்டப்பெயர். நேர் அர்த்தம் 'நிலத்து எருது'. தெருமுனையில் ஒருவர் அந்த வார்த்தையைக் கத்தினால் போதும், அடுப்பு எரிய எரியத் தள்ளுவண்டி பின்சந்துக்குள் மறைந்துவிடும். அதிகாரி போனதும் திரும்ப வரும்.

கமிஷன் மேல் கமிஷன்

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1920களிலேயே சில இடங்களில் கூரைக் கொட்டகை போட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். 1931ல் ஒரு குழு. 1950ல் பொருளாதாரப் பேராசிரியர் சில்காக் தலைமையில் ஒரு விசாரணை கமிஷன். தெரு வியாபாரிகள் குறைந்த விலையில் உணவு தந்து ஏழைகளின் செலவைக் கட்டுக்குள் வைக்கிறார்கள், அவர்களை ஒழிக்க நினைக்காமல் இடம் கொடுத்து ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற திசையில் அதன் பரிந்துரைகள் இருந்தன.

அறிக்கை நல்ல அறிக்கைதான். ஆனால் அதைச் செயல்படுத்தக் கட்டடமும் நிலமும் பணமும் வேண்டும். அவை கிடைக்கும்வரை பழையபடி சோதனை, அபராதம், பறிமுதல், மறுநாள் திரும்ப அதே இடத்தில் அதே கடை.

இதைத் தோண்ட ஆரம்பித்த காரணம்

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பா அம்மா சென்னைப் புறநகரில் சொந்த வீட்டில். ஆறேழு வருடமாக அந்தத் தெருமுனையில் தள்ளுவண்டிக் கடைகள். முதலில் ஒன்று, இப்போது ஐந்து. ராத்திரி பதினொன்றரை வரை கொத்து பரோட்டா சத்தம். பொரித்த எண்ணெய் மழைநீர் வடிகாலில். கேட்டை மறித்து பைக்குகள். அப்பாவுக்கு ஆஸ்துமா. ஒருமுறை அவரை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த வண்டி தெருவுக்குள் நுழையவே நேரம் பிடித்தது. அம்மா அதை இன்னும் சொல்லி நடுங்குவார்.

தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். லாரி வந்தது, வண்டிகளைத் தூக்கிப் போனது. நாலாவது நாள் எல்லா வண்டியும் திரும்ப வந்தாச்சு. நான் ஊருக்குப் போயிருந்தபோது அங்கே இட்லி, தோசை போடும் அக்காவிடம் பேசினேன். "இடம் காட்டினா போயிடறோம் தம்பி. அபராதமும் கட்டறோம், கேக்கறவங்களுக்குத் தனியாவும் குடுக்கறோம். இதுல யாருக்கு லாபம்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அந்த அக்கா சொன்னது 1950க்கு முந்தைய சிங்கப்பூர் நிலவரம் மாதிரியே இருக்கிறதே என்றுதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே கடைசியில் எப்படித் தீர்ந்தது?

தீர்ந்த விதம்: வரிசை முக்கியம்

1968 அக்டோபரில் லீ குவான் யூ 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' இயக்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. பெரும்பாலோர் இந்த இரண்டையும், கூடவே அபராதத்தையும் சொல்லி 'கடுமையாக நடந்துகொண்டார்கள், சரியாயிடுச்சு' என்று முடித்துவிடுவார்கள். நடந்த வரிசையைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

முதல் படி, எண்ணினார்கள். 1968–69ல் தீவு முழுக்கக் கணக்கெடுப்பு. சுமார் 18,000 தெரு வியாபாரிகள் பதிவு செய்யப்பட்டார்கள். அவர்களுக்குத் தற்காலிக லைசன்ஸ் கொடுத்தார்கள். அதாவது, நேற்றுவரை சட்டவிரோதமாக இருந்தவருக்கு இன்று ஒரு பெயரும் எண்ணும் இருக்கிறது.

இரண்டாவது படி, இடைக்கால இடம். பெரிய தெருக்களிலிருந்து பின்சந்துகள், கார் நிறுத்துமிடங்கள், காலி மனைகளுக்கு நகர்த்தினார்கள். ஆர்ச்சர்ட் சாலையில் பகலில் கார் நிற்கும் இடம், ராத்திரியில் சாப்பாட்டுக் கடைகள். 1978ல் மூடும்வரை அது ஒரு பிரபலமான இடம்.

மூன்றாவது படி, நிரந்தரக் கட்டடம். 1971 முதல் 1986 வரை அங்காடி நிலையங்கள் கட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு கடைக்கும் குழாய்த் தண்ணீர், கழிவுநீர்க் குழாய் இணைப்பு, மின்சாரம், பொதுவான குப்பை அறை, கழிப்பறை. தெருவிலிருந்து வந்தவர்களுக்குச் சலுகை வாடகை. 1982ல் பழைய தேக்கா சந்தை, எதிரே கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாறியது. சைனாடவுனில் டிரெங்கானு தெரு, ஸ்மித் தெருப் பக்கத்து வியாபாரிகள் 1983ல் கிரேத்தா ஆயர் காம்ப்ளெக்ஸுக்குள் போனார்கள்.

நான்காவதாகத்தான், இடம் இருந்தும் தெருவில் விற்பவர் மேல் முழுக் கடுமை. 1974ல் இதற்கென்றே தனிப் படை அமைத்தார்கள். ஒரு பக்கம் நிலையங்கள் எழும்பிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படை வேலை செய்தது. 1986 தொடக்கத்தில் கடைசி தெரு வியாபாரியும் உள்ளே வந்தாகிவிட்டது.

எங்கள் தொழிலில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிஸ்டத்தை நிறுத்தாமல் புது இடத்துக்கு மாற்றும் வேலை அடிக்கடி வரும். முதலில் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல், பிறகு ஒரு தற்காலிக ஏற்பாடு, பிறகு புது இடம், அதற்கப்புறம்தான் பழையதை அணைப்பது. வரிசையை மாற்றினால் எல்லாம் படுத்துவிடும். 1888ல் ரோவெல் நேராகக் கடைசிப் படியிலிருந்து தொடங்கினார். கலவரம் வந்தது.

இதன் பலன் தண்ணீரில் தெரிந்தது. 1977ல் தொடங்கிய சிங்கப்பூர் ஆற்றுத் தூய்மைப் பணி 1987ல் முடிந்தது. ஆற்றில் கழிவு சேர்த்த பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, படகுப் பட்டறைகளோடு சுமார் 5,000 தெரு வியாபாரிகளும் இடம் மாற்றப்பட்டார்கள். வீட்டு வாசல் வடிகாலும் ஆறும் ஒரே குழாயின் இரண்டு முனைகள்தானே.

விலையும் உண்டு

இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் எழுதினால் நியாயம் இல்லை.

இது நடக்க வேறு சில காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. 1960ல் தொடங்கிய வீவக அடுக்குமாடிகளுக்கு ஜனங்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். 1980களின் நடுவில் பத்தில் எட்டுப் பேர் அங்கேதான் குடியிருந்தார்கள். அதனால் அங்காடி நிலையத்தை வீடுகளோடு சேர்த்தே திட்டம் போட முடிந்தது. தொழிற்சாலைகள் வந்ததால் இளைஞர்கள் தெருவில் விற்க வேண்டிய அவசியம் குறைந்தது. நிலத்தை எடுக்க அரசுக்கு வலுவான சட்டம் இருந்தது. இந்த மூன்றும் இல்லாத ஊரில் கட்டடத்தை மட்டும் காப்பியடித்தால் காலிக் கட்டடம்தான் மிஞ்சும். வாடிக்கையாளர் வராத இடத்தில் கடை கட்டிக் கொடுத்து, வியாபாரி திரும்பத் தெருவுக்கே வந்த கதை நம் ஊர்களில் நிறைய.

இன்னொன்று, வீட்டு வாசலுக்கே வந்து குரல் கொடுத்து விற்ற நடமாடும் வியாபாரி போயே போய்விட்டார். மாடியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கி நூடுல்ஸ் வாங்கிய காலமும் போச்சு. வாடிக்கைத் தெருவை விட்டு வேறு இடத்துக்கு மாறியவர் புதிதாக வியாபாரத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

கட்டடம் வந்தால் நோய் போய்விடும் என்பதும் இல்லை. 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ஒரு ரோஜாக் கடையில் சாப்பிட்ட 154 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். ஆனால் தெருக் காலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். எந்தக் கடை, யார் நடத்தியது, எங்கே தப்பு என்று தேடிப் பிடிக்க முடிந்தது. பதிவு இருந்தால்தான் பொறுப்பு கேட்க முடியும்.

நம் சட்டத்தில் இதே வரிசை இருக்கிறது

இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1989ல் சோதன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், தெருவில் வியாபாரம் செய்வது தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்குள் வரும், அதே சமயம் நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றது. அதன் நீட்சியாக வந்த 2014 தெரு வியாபாரிகள் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

முதலில் கணக்கெடுப்பு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது. அது முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை ஏற்கெனவே இருப்பவரை அகற்றக் கூடாது. பிறகு எங்கே விற்கலாம், எங்கே கட்டுப்பாட்டோடு விற்கலாம், எங்கே கூடாது என்று பகுதி பிரிப்பு. வியாபாரி தன் இடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும், வசதிகளுக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். இதையெல்லாம் கவனிக்க ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு. அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். பலருக்குத் தெரியாத விஷயம், குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு.

அதாவது எங்கள் தெருவில் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கும், அந்த இட்லிக்கடை அக்காவுக்கும் ஒரே மேசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறது சட்டம். மனு எழுதும்போது எல்லாரும் எழுதுவது ஒரே வரி: 'கடைகளை உடனே அகற்றவும்.' அதற்குக் கிடைப்பது மூன்று நாள் நிம்மதி. அந்த மூன்று நாளில் அக்காவுக்குப் பிழைப்பு போகிறது, நாலாவது நாள் அப்பாவுக்குத் தூக்கம் போகிறது.

ஆகவே எங்கள் தெருச் சங்கத்துக்கு இந்த முறை நான் எழுதிக் கொடுத்த மனுவில் வேறு கேள்விகள். எங்கள் பகுதியில் கணக்கெடுப்பு எப்போது நடந்தது, எத்தனை பேருக்குச் சான்றிதழ்? நகர விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் குடியிருப்போர் சார்பில் யார்? இந்தத் தெருமுனை எந்த வகைப் பகுதி? கடைகளுக்குத் தண்ணீர்க் குழாய், பயன்படுத்திய எண்ணெயைச் சேகரிக்க ஏற்பாடு, இரவு குப்பை எடுப்பு, மூடும் நேரம் ஆகியவற்றுக்கு என்ன திட்டம்? ஆம்புலன்ஸ் போக எத்தனை அடி வழி விடப்படும்?

அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "கடையை எடுங்கன்னு ஒரு வரி கூட இல்லையேப்பா" என்றார். அப்பா மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த அக்காவிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். வாங்கியாச்சு. பதில் வந்ததும் தனிப்பதிவாக எழுதுகிறேன். உங்கள் ஊரில் நகர விற்பனைக் குழுவில் உட்கார்ந்த அனுபவம் யாருக்காவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.